தூரத்திலிருந்து தெரிகிற நிறம்

மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் வழக்கமாக வண்டி வந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். வாசலில் வண்டி நிற்கும், சார்ஜ் போட வழி இருக்காது, அப்போதுதான் எலக்ட்ரீஷியன் ஞாபகம் வரும். கண்ணாடிக் கடைக்காரர் அப்படி இல்லை. வண்டி வருவதற்கு மூன்று வாரம் முன்பே கூப்பிட்டுவிட்டார். அப்போது வண்டிக்கு நிறம்கூட முடிவாகவில்லை.

"வண்டி அவளுக்குத்தான்," என்றார் முதல் நாளே. "ஸ்கூட்டியை வித்தாச்சு. பஸ்ல போய் இடிபட்டுட்டு வர்றா. பாக்கவே மனசு கேக்கல."

அவர் மனைவியை எனக்கு முன்பே தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். கை கால் விழுந்தவர்கள், எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவர்கள் வீடுகளுக்குப் போய் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேலை. தெரபி அக்கா என்றால்தான் தெரியும். கலர் கலராக ரப்பர் பட்டைகளும், உள்ளங்கைக்குள் அடங்கும் பந்துகளும் நிறைந்த ஒரு பை எப்போதும் தோளில் தொங்கும். என் அண்ணன் விழுந்து இடுப்பு ஒடிந்தபோது நாற்பது நாள் வந்து நடக்கவைத்தது அந்த அம்மாதான்.

வீட்டுக்குள் போனதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவர் இல்லை, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. மாடிப்படிக்குக் கண்ணாடி. பெண் படிக்கிற அறைக்கும் கண்ணாடிக் கதவு. கூடத்துச் சோபாவில் உட்கார்ந்தால் அடுப்பில் என்ன கொதிக்கிறது, யார் எந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பது வரை தெரியும். தொழில் கண்ணாடி, வீட்டையே கடையாக்கி வைத்திருக்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல மனுஷன்தான். குரல் உயராது. தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார். ஏணியில் ஏறும்போது என் முழங்கால் நொடித்ததைப் பார்த்துவிட்டு, "அவகிட்ட ஒரு நாள் காட்டுங்க, சரி பண்ணிடுவா," என்றார். பிறகு வேலையைச் சொன்னார்.

"சார்ஜர் போர்ட்டிகோ சுவத்துல இருக்கட்டும். அதுக்கு சுவிட்ச் மட்டும் என் ரூம்ல வச்சிடுங்க."

"ரூம்லயா சார்? வண்டி பக்கத்துல இருந்தாத்தானே சௌகரியம்?"

"வெளி ஆளுங்க கை வச்சிடக்கூடாது பாருங்க. நானே போட்டு விட்டுடுவேன். அவளுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?"

சரி என்றேன். எங்கே வைக்கச் சொல்கிறார்களோ அங்கே வைப்பதுதானே என் வேலை.

மீட்டர் பலகை கூடத்தில் இருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நிறப் பேச்சு ஆரம்பித்தது. ஷோரூமிலிருந்து ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார்கள். வண்டிக்கு அடிக்கிற பெயிண்டையே அடித்த ஆறு தகரத் துண்டுகள், தீப்பெட்டி அளவில். வெள்ளை, கறுப்பு, சாம்பல், கடல் நீலம், செங்கல் சிவப்பு, சூரியகாந்தி மஞ்சள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

"சாம்பலே இருக்கட்டுங்க," என்றார் தெரபி அக்கா, வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், பை தோளில்.

"இருக்கட்டும். ஏன் சாம்பல்?"

"தூசி தெரியாது."

"துடைக்க ஆளா இல்ல? கடையில ஒன்பது பேர் இருக்கானுங்க. வேற?"

"வெயில்ல மங்காது."

"வெயில்லயே நிக்கப் போறதில்ல. மேல கூரை போட்டுட்டேன். வேற?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"அதைத்தானே கேக்கறேன். ஏன் பிடிச்சிருக்கு?"

அந்த அம்மா பதில் சொல்ல வாயெடுத்து, பிறகு மென்று முழுங்கிவிட்டார். கடைக்காரர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட நான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். அவ்வளவு அன்பாகக் கேட்டதுதான் என் கையிலிருந்த டெஸ்டரை நிறுத்தியது.

"ரோட்டுல போற பத்து வண்டியில எட்டு சாம்பல்," என்றார் அவர். "நம்ம வண்டி எதுன்னு எப்படித் தெரியும்? மஞ்சள்னா தெருமுனையில திரும்பும்போதே தெரியும். நம்ம கடைப் பசங்க ஊர் முழுக்க ஏணி மேல நிக்கறானுங்க. உனக்கு வழியில ஒண்ணுன்னா உடனே ஓடி வருவானுங்க. உன் பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

மூலையில் நாற்காலியில் இருந்த பெரியவர், கடைக்காரரின் அப்பா, தொண்டையைச் செருமினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். போன வருஷம் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் கிண்டல் குறையவில்லை.

"எந்தக் கலரா இருந்தா என்னடா? உள்ள உக்காந்தா ஸ்டீயரிங்தானே தெரியப்போகுது."

"அப்பா, நீங்க ஓட்டினதெல்லாம் ஒரே கலர் பஸ்," என்று சிரித்தார் மகன். "உங்களை எதுக்குக் கேக்கறது?"

அந்த அம்மா மணி பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் வியாழக்கிழமை. மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்தேன். மூன்று கம்பி கேபிள், கட்டை விரல் தடிமன். அதை வளைத்துப் பைப்புக்குள் விடுவது பாம்பை வளையில் திணிப்பது மாதிரி. கடைக்காரர் ஒன்பது மணிக்கே கடைக்குப் போய்விட்டார். தெரபி அக்கா மாமனாருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆறு தகரத் துண்டுகளையும் மேஜை மேல் பரப்பி, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்லியிருந்தார்.

"நீலம் எடுங்க மாமா. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். தோளைத் தூக்கக் கூடாது."

"அம்மாடி, இது கார் வாங்கற வேலையா, எனக்குப் பரீட்சையா?"

"ரெண்டும்தான். நீலம்."

பெரியவர் மூச்சுப் பிடித்து நீலத்தைத் தூக்கினார். பாதி வழியில் நழுவியது. மறுபடி தூக்கினார். அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் உலகத்திலேயே அந்த ஒரு விரலைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். என் அண்ணனிடமும் இப்படித்தான் இருந்தார்.

சாயங்காலம் நாலரைக்கு அவர்கள் பெண் பள்ளியிலிருந்து வந்தாள். பதினைந்து வயசிருக்கும். அப்பா டீ குடிக்க வீட்டுக்கு வந்திருந்தார். அந்தப் பெண் ஷூவைக்கூடக் கழற்றவில்லை, அவர் கேட்கவும் இல்லை. பையிலிருந்து போனை எடுத்துத் திறந்து அப்பா முன்னால் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பல் துலக்குவதைப்போல, இரண்டு பேருக்கும் அது அவ்வளவு பழகியிருந்தது.

அன்றைக்கு நான் அவர் அறைச் சுவரில் துளை போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை எர்த் குழி. வீட்டுக்குப் பின்புறம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தோண்டினேன். இடுப்பளவு இறங்கும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் மண் வாசனை. தூறல் விழுந்தால் குழி சரிந்துவிடும் என்ற பயத்தில் வேகமாக வெட்டினேன். தெரபி அக்கா அன்று சீக்கிரம் வந்துவிட்டார். காயப்போட்ட துணிகளை எடுக்கப் பின்புறம் வந்தவர், எனக்கு ரொட்டியும் டீயும் கொண்டுவந்து கல் மேல் வைத்தார். பெரியவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வாசலிலும் கூடத்திலும் கேமரா உண்டு. பின்புறத்தில் இல்லை.

"அண்ணே, கரியும் உப்பும் போட்டு மூடுவீங்களா?"

"ஆமாம்மா. உள்ள தாமிரக் கம்பி போகும். மின்சாரம் எசகுபிசகா ஓடினா மண்ணுக்குள்ள இறங்கிடும், ஆளைத் தாக்காது."

"நல்ல ஏற்பாடு," என்றார். துணிகளை மடித்துக்கொண்டே நின்றார். போகவில்லை.

நான்தான் கேட்டேன். "சாம்பல்தான் வேணும்னு ஏம்மா பிடிவாதம்?" கேட்டவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதே 'ஏன்'.

ஆனால் எனக்குப் பதில் சொன்னார்.

"பழைய ஸ்கூட்டி செக்கச்செவேல்னு இருக்கும், ஞாபகம் இருக்கா? பின்னாடி கடை ஸ்டிக்கர் வேற. போன மார்ச்சுல ஒரு நாள், ஏழு மாசமா பாத்துட்டிருந்த டீச்சரம்மா இறந்துட்டாங்க. நான் காலைல போறேன், படுக்கையைச் சுருட்டி வெளிய வச்சிருக்காங்க. முந்தின நாள்தான் அந்தம்மா பத்து அடி நடந்தாங்க அண்ணே. கைதட்டிச் சிரிச்சாங்க. எனக்கு அடுத்த வீட்டுக்குப் போகக் கால் வரல. ஏரிக்கரையில வண்டியை நிறுத்திட்டுச் சும்மா உக்காந்துட்டேன். அழக்கூட இல்ல. தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தா, ஏரிக்கரையில முப்பத்தஞ்சு நிமிஷம் என்ன வேலைன்னு கேக்கறாரு."

"யார் சொன்னது?"

"எதிர்ல ஓட்டலுக்குக் கண்ணாடி மாட்டிட்டிருந்த பையன். கெட்ட எண்ணமெல்லாம் இல்ல. அக்கா தனியா உக்காந்திருக்காங்கன்னு கரிசனமா போன் பண்ணியிருக்கான். இவரும் கத்தல. யாரைப் பாக்கப் போனேன்னு கேட்டாரு. யாரையும் இல்லன்னேன். அப்புறம் ஏன் உக்காந்தேன்னு கேட்டாரு. மூணு நாள் கேட்டாரு. நாலாவது நாள், 'சும்மா உக்காந்தேன்'னு நான் சொல்றது எனக்கே பொய் மாதிரி ஆயிடுச்சு."

மழையின் முதல் துளி குழிக்குள் விழுந்தது. அந்த அம்மா நகரவில்லை.

"எனக்கு ஓடிப்போக இடமும் இல்ல, ஆளும் இல்ல. வாரத்துல ஒரு அரை மணி நேரம் நான் எங்க இருக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியாம இருக்கணும். சாம்பல் கலர்னா கூட்டத்தோட கூட்டமாப் போயிடலாம் பாருங்க."

நான் மண்வெட்டியைக் குழிச் சுவரில் சாய்த்து வைத்தேன். எனக்குத் தெரிந்த விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று புரியவில்லை. ஊரில் பதினெட்டு வீட்டில் இந்த வேலை செய்திருக்கிறேன். அந்த வண்டிகள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் போனால், இந்த அம்மா ஒரு நிறத்துக்காக வீணாகப் போராடிக்கொண்டிருப்பார்.

"அம்மா, நீங்க என்ன போன் வச்சிருக்கீங்க?"

"பட்டன் போன்தான். நல்ல போன் வாங்கித் தரேன்னு மூணு தடவை சொன்னாரு. எனக்கு இதுவே பழகிப்போச்சுன்னு பிடி கொடுக்காம தப்பிச்சிட்டேன்."

"அப்ப வண்டியோட ஆப்புக்கு அவர் நம்பர்தான் போகும். அந்த வண்டிக்குள்ளயே சிம் கார்டு இருக்கும்மா. வண்டி எங்க நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குது, கதவு எப்பத் திறந்துச்சு, எல்லாம் அவர் போன்ல வந்துடும். கறுப்பு அடிச்சாலும் சரி, சாம்பல் அடிச்சாலும் சரி."

அந்த அம்மா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையிலிருந்த துணியை மட்டும் இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். பிறகு இன்னொரு மடிப்பு. கைக்குட்டை அளவுக்கு வந்த பிறகும் மடித்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாம இருக்குமாம்மா? ஷோரூம்ல முதல்ல காட்டறதே அதைத்தான்."

"அப்ப மஞ்சள் எதுக்கு?"

போனில் தெரிவது அவருக்கு மட்டும். ஊருக்கே தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கலாம். தான் எல்லோர் கண்ணிலும் படுகிறோம் என்பது அந்த அம்மாவுக்கு எப்போதும் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கலாம். மழை வலுத்தது. அவர் துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். நான் குழியின் மேல் தகரத்தை இழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். அதைத் தைரியம் என்று சொல்லமாட்டேன். இரவெல்லாம் அந்த அறைச் சுவர்த் துளை கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"சார், சுவிட்ச் ரூம்ல வைக்க முடியாது," என்றேன். "லைனை அணைக்கற பிரேக்கர் சார்ஜர் பக்கத்துலயே இருக்கணும்னு விதி. செக் பண்ண வந்தா லைனை வெட்டிடுவாங்க." பாதி உண்மை, பாதி என் சரக்கு.

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். "விதின்னா விதிதான். அப்ப ஒண்ணு பண்ணுங்க. இரும்புப் பெட்டி போட்டு அதுக்குள்ள வச்சுப் பூட்டிடுங்க."

கடைத்தெருவுக்குப் போய்ப் பெட்டி வாங்கினேன். பூட்டோடு இரண்டு சாவி வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு சாவியை எடுத்து வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பெட்டியை மாட்டி முடித்ததும் அவர் கையை நீட்டினார். "ரெண்டு சாவி இருக்குமே?" என்றார். இரண்டையும் கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போதும் அந்த இடத்தில் எனக்குக் கை கூசுகிறது.

ஐந்து மணிக்கு ஷோரூம் பெண் கூப்பிட்டாள். கடைக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார். எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நான் மீட்டர் பலகை மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"சார், கலர் முடிவு பண்ணிட்டீங்களா? இன்னிக்கு விட்டா அடுத்த லாட்தான்."

"ஒரு நிமிஷம்மா. வீட்டுல எல்லாரையும் கேட்டுத்தான் செய்வேன் நான்." மகளைப் பார்த்தார். "நீ சொல்லு செல்லம். உனக்கு எந்தக் கலர்?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிர்ந்தாள். முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதுப்பா."

"உனக்குன்னு ஒரு கலர் பிடிக்கும்ல?"

"இல்லப்பா. எனக்கு எதுவும் பிடிக்கல. அதாவது, எதுவா இருந்தாலும் சரி."

பதினைந்து வயசுப் பெண்ணின் குரலாகவே அது இல்லை. பாடத்தை ஒப்பிக்கிற குரல்கூட இல்லை. அந்த அம்மா மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னவோ ஒன்று அங்கேதான் நடந்தது. நாலு நாளாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தவர், மேஜைப் பக்கம் வந்து போனைப் பார்த்துக் குனிந்தார்.

"மஞ்சளே போட்டுடும்மா," என்றார்.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, நான் அப்பவே..."

"இன்னொண்ணும்மா. வண்டி அவருக்கு. ஓட்டறவங்க பேர்ல என் பேரை எடுத்துட்டு அவர் பேரை எழுதிக்க. நான் பஸ்ல போய்க்கறேன்."

ஷோரூம் பெண்ணுக்குப் புரியவில்லை. "மேடம்? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் போனை எடுத்து, பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தது.

"ஏன்?" என்றார்.

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. தூசி, வெயில், பிடித்திருக்கிறது, எதுவும் சொல்லவில்லை.

"உனக்காகத்தானே வாங்கறேன். பஸ்ல என்ன இருக்கு? ஏன்னு சொல்லு. சொன்னாத்தானே தெரியும்."

அந்த அம்மா மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட ஆரம்பித்தார். கடைக்காரர் நாலு தடவை கேட்டார். அதே அன்பான குரல்தான், ஆனால் நாலாவது தடவை கடைசி எழுத்து லேசாக உடைந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகள் புத்தகத்தை மூடிவிட்டு நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர்தான் பேசினார். "விடுடா. பஸ்ஸுன்னா என்ன அவ்வளவு கேவலமா? உன்னை வளத்ததே பஸ்தான்."

நான் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அங்கே இங்கே கேள்விப்பட்டதுதான். மஞ்சள் வண்டி சொன்ன தேதியில் வந்தது. ஒரு மாதம் அவர் மனைவியிடம் சரியாகப் பேசவில்லையாம். பிறகு கொண்டு விடுகிறேன் என்று ஆரம்பித்திருக்கிறார். வேண்டாம் என்றிருக்கிறார் அந்த அம்மா. கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு மத்தியான வேளையில் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார் என்று அவர் கடைப் பையன் ஒருவன் என்னிடம் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்குக் கதவு திறந்துவிட்டது போலத் தெரிந்தது, ஆனால் அவர் வாசலைத் தூக்கிக்கொண்டு மனைவியின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு ஒயரிங் வேலை. மத்தியானம் டீ குடிக்க வெளியே வந்தேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் தெரபி அக்கா உட்கார்ந்திருந்தார். பை மடியில், கையில் காகிதக் குவளை. அந்த இடத்தில் ரோடு கோடு போட்டாற்போல நேராகப் போகும். ஒரு பக்கம் பாலம் வரை, இன்னொரு பக்கம் மணிக்கூண்டு வரை, பார்வைக்கு ஒரு தடையும் இல்லை.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"உக்காருங்கண்ணே. முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டு, அங்கேயே என் காலை நீட்டச் சொல்லி, குதிகாலை அழுத்தி மடக்கும் ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். ஒரு பஸ் வந்தது. அவர் போக வேண்டிய பஸ்தான், பலகையைப் பார்த்தேன்.

"அம்மா, பஸ் போகுதே."

"போகட்டும். அடுத்தது வரும்."

டீயை ஒரு வாய் குடித்தார். எங்கள் முன்னால் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. வெள்ளை, சாம்பல், சாம்பல், கறுப்பு, சாம்பல். பேச்சு பெண்ணைப் பற்றிப் போனது. அப்பாவிடம் போனை நீட்டுவதைப் போன வாரத்திலிருந்து நிறுத்திவிட்டாளாம். ஏன் என்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லையாம். "என் புத்தி," என்றார். சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"உங்களுக்குக் கஷ்டமா இல்லியாம்மா? அவர் இப்படிப் பின்னாடியே..."

"கஷ்டம்தான். வேற எங்க போறது அண்ணே? பொண்ணு படிப்பு இருக்கு, மாமாவுக்குச் சுண்டு விரல் இப்பத்தான் அசைய ஆரம்பிச்சிருக்கு." காலிக் குவளையைக் கசக்காமல் பக்கத்தில் வைத்தார். "ஆனா ஒண்ணு. அவர் சொன்னது நிஜம். மஞ்சள் நல்லாத் தெரியுது."

பாலத்தின் மேல் ஒரு பொட்டு தெரிந்தது. அவ்வளவு வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவில் அது மட்டும் தனியாக. வேகம் குறைந்து, கூடி, ஒவ்வொரு நிறுத்தமாகத் தேடிக்கொண்டே வருவதுபோல வந்தது. இங்கே வந்து சேர இன்னும் இரண்டு நிமிஷமாவது ஆகும். அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. தெரபி அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேத்து சும்மா உக்கார ஒன்பது நிமிஷம்தான் கிடைச்சுது," என்றார் படியில் கால் வைத்தபடி. "இன்னிக்குப் பன்னண்டு."